நூற்று முப்பத்து நான்கு டிகிரி

வூர்ஸ்பூர்க் மருத்துவமனையின் நிலத்தடியில்
எனக்கு வேலை, கொல்வது.
கத்தரி, இடுக்கி, எலும்பறுக்கும் சின்ன ரம்பம்
எல்லாம் மேல்மாடியிலிருந்து ரத்தம் காய்ந்து இறங்கும்.
கழுவி, அடுக்கி, கதவைச் சாத்தி
நூற்று முப்பத்து நான்கு டிகிரி நீராவிக்குள் அனுப்புவேன்.
பொதியில் ஒட்டிய கோடு கறுத்தால்
ஓருயிரும் மிஞ்சவில்லை என்று கையெழுத்து.
பதினொரு வருடக் கையெழுத்து.

அதையேதான் போன மார்ச்சில்
மீன்தொட்டிக்கும் போட்டேன்.

பாலம், பானை, மரவேர், பிளாஸ்டிக் செடி
எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்து
பாத்திரம் கழுவும் எலுமிச்சை நுரையில் முக்கி
வடிகட்டிப் பஞ்சைக்கூட குழாயடியில் பிழிந்து
அப்படியொரு பளபளப்பு.
குகதாசன் படம்பிடித்துத் தன் தங்கைக்கு அனுப்பினார்.
வியாழக்கிழமை நான்கு நியான் மீன்கள்
பக்கவாட்டில் மிதந்தன,
அணைந்துபோன குட்டி டியூப்லைட்டுகள்.

மீன்கடை உல்ரிகே கேட்டது ஒரே கேள்வி:
"எல்லாவற்றையும் ஒரே நாளிலா?"
இல்லை என்றேன்.

இன்று பாலம் மட்டும்.
பானையும் வேரும் அடுத்த மாதம்வரை
தங்கள் அழுக்கோடு இருக்கட்டும்.

தொட்டியிலிருந்தே மொண்ட ஒரு வாளி பழைய தண்ணீர்.
சோப்பின் வாடையே அறியாத புது டூத்பிரஷ்.
வளைவின் அடியில் பழுப்பாய், பச்சையாய்
விரலில் வழுக்கும் மெல்லிய தோல் ஒன்று.
வேலையிடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு,
ஒழித்ததற்குப் படிவம் உண்டு.
இங்கே இதுதான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறது.
மீன் கழித்ததைத் தின்று
தண்ணீரைத் தண்ணீராக வைத்திருக்கிறது.
பாசியை மட்டும் தேய்க்கிறேன்.
தேய்த்துத் தேய்த்துப் பழகிய கையை
நிறுத்துவதற்குத்தான் பலம் வேண்டியிருக்கிறது.

இந்த ஊர்த் தண்ணீர் கல்லைக் குடித்து வருவது.
கெட்டிலின் வயிற்றில்போலவே
பாலத்தின் முதுகிலும் வெள்ளைச் சுண்ணாம்பு.
வினிகரில் நனைத்த துணியை
காய்ச்சல்காரன் நெற்றிக்குப் போடுவதுபோல்
முதுகில் மட்டும் போர்த்தினேன்.
"கொதிதண்ணி ஊத்தினா லேசா முடிஞ்சிடுமே?"
"இது ரெசின். வளைஞ்சு போயிடும்."
"கல்லா இருந்தா?"
"உள்ளே காத்து இருந்தா வெடிக்கும்."
"அப்ப உன்ர மெஷினாலே ஒண்ணுக்கும் பிரயோசனமில்லை."
துணியை எடுத்து, இரண்டு முறை அலசினேன். பதில் சொல்லவில்லை.

பால்கனியில் வேறு கதை.
இரண்டு வாரம் முன்பே தொட்டியைவிட்டு நீக்கிய பிளாஸ்டிக் செடி,
கறுப்புத் தாடிப் பாசி பிடித்தது.
ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்தொன்பது பங்கு தண்ணீர்,
பத்து நிமிடம். கையுறை போட்டிருந்தேன்,
அந்தப் பத்து நிமிடம் வேலையிடத்தில் இருப்பதுபோலவே நிம்மதி.
பிறகு ஐந்து வாளி அலசல்,
குளோரின் முறிக்கும் மருந்து கலந்த ஆறாவது வாளி,
மூன்று நாள் மே மாத வெயில்.
இலைகளுக்குள் மூக்கை நுழைத்துப் பார்க்கிறேன்.
தூரத்தில் எங்கோ ஒரு நீச்சல்குளம்.
இன்னும் காயட்டும்.

பாலத்தை இறக்குமுன் கை.
நாளைக்கு நாற்பது தரம் ஸ்பிரிட் தேய்க்கும் கை.
மதியத்திலிருந்து கிரீம் பூசவில்லை.
வலக்கை மூட்டுகளில் வெடிப்பு;
வெடித்த கையைத் தொட்டிக்குள் விடக்கூடாதென்று
என்னைவிட யாருக்குத் தெரியும்.
ஆகவே இடக்கை,
வெறுந்தண்ணீரில் முழங்கைவரை அலசிய இடக்கை.

இருபத்தைந்து டிகிரி.
பழக்கமில்லாத கை; பாலம் சற்றே சாய்ந்து உட்கார்ந்தது.
நிமிர்த்தலாமா என்று யோசிப்பதற்குள்
மீசை வைத்த பூனைமீன் ஒன்று
மணலைக் கிளறிக்கொண்டு வந்து
வளைவை முகர்ந்தது,
அடியில் விட்டுவைத்த பழுப்பில் வாயை வைத்தது.
மிஞ்சிய ஆறு நியான்களும்
கண்ணாடியின் அந்த மூலையிலேயே நிற்கின்றன.

கையை எடுத்துவிட்டேன்.
பாலம் கோணலாகவே இருக்கிறது.